நான்காவது காக்கையின் பாட்டு

நவம்பர் பதினான்காம் நாள், வெள்ளிக்கிழமை. முந்தைய இரவு தொடங்கிய மழை காலையில் தூறலாகக் குறைந்தது. பிற்பகலில் ஏற்காடு முழுவதையும் மூடுபனி மூடியது. இத்தகைய நாள்களில் தேநீர் வழக்கத்தைவிடச் சுவையாக இருக்கும். ஐயா சேலத்திலிருந்து வந்தவர் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். தாங்கள் எனக்கு வரவழைத்துக் கொடுத்த தேநீரும் நன்றாகவே இருந்தது.

என் பெயர் செங்கோடன். ஏற்காட்டின் ஒண்டிக்கடைச் சந்திப்பு அருகே ஒரு தங்கும் விடுதியில் மேலாளராகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். முப்பது வயதுக்குப் பின் பாடநூல்களை வாங்கி முறையாகப் பயின்றேன். முதலில் தமிழ், பிறகு ஜப்பானியம். சென்னைக்குப் பேருந்தில் சென்று ஜப்பானியத் தேர்வுகளை எழுதித் தேறினேன். இந்த மலையில் அம்மொழி அறிந்தவர் வேறொருவர் இல்லை. இதை நான் தற்பெருமையாகக் கூறவில்லை. பின்வருவனவற்றைத் தாங்கள் விளங்கிக்கொள்ள இது தேவைப்படும்.

தோமிகாவா என்பது ஜப்பானில் பனி பொழியும் ஒரு மலையூரில் இயங்கிய வீடியோ கேம் நிறுவனம். குடை பழுதுபார்க்கும் கடை ஒன்றின் மாடியில் நால்வர் சேர்ந்து அதைத் தொடங்கினர். அவர்களின் முதல் விளையாட்டு குதிரைப் பந்தயம் பற்றியது. அதை எவரும் வாங்கவில்லை. இரண்டாவது, பனிமலைத் தபால்காரன். பனி மூடிய கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தபால்காரன் பை சுமந்து நடப்பான். வழி தவறினால் பள்ளத்தில் விழுவான். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அது கேசட்டாக ஏற்காட்டுக்கு வந்தது. எங்கள் மலைதான் அது என்று நம்பினோம். நாங்கள் என்றால் நானும் எல்வினும். அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். மாதாகோவிலில் கீபோர்டு வாசிப்பான். கடைவீதியில் கைப்பேசி பழுதுபார்ப்பான்.

அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. திறமையானவர்களைப் போட்டி நிறுவனத்தார் இழுத்துக்கொள்வார்கள் என்ற அச்சத்தால், விளையாட்டின் முடிவில் உண்மைப் பெயர்களைக் காட்டமாட்டார்கள். தபால்காரன் கடைசி வீட்டை அடைந்ததும் நான்கு பெயர்கள் திரையில் ஏறும்: ஆமை, முள்ளங்கி, பழைய கோட்டு, நான்காவது காக்கை. இவர்கள் யார் என்பதைக் கண்டறிவதே தோமிகாவாவின் வரலாற்றை எழுத முற்பட்ட என் முதற்பணியாயிற்று. ஆமை என்பவர் நிறுவனர் தோமிகாவா. முள்ளங்கி அவருடைய மைத்துனர். பழைய கோட்டு, நிறுவனத்தை மூடிய சில ஆண்டுகளில் காலமானவர். இம்மூவரையும் பழைய ஜப்பானிய இதழ்களைக் கொண்டு நானே கண்டறிந்தேன். இசை அமைத்த நான்காவது காக்கை மட்டும் அகப்படவில்லை. ஒன்பது ஆண்டுகள் தேடினேன். அவ்வியல் எழுதப்படாமல் என் நூல் நின்றது.

சென்ற ஆகஸ்டில், விடுதியின் வரவேற்பறையில், எல்வின் அந்த விளையாட்டின் இசையைக் கீபோர்டில் வாசித்துக்காட்டினான். பிறகு அதையே மெதுவாக, மிக மெதுவாக வாசித்தான்.

"அண்ணா, கேக்குதுங்களா? இது எங்க சர்ச்சுல அடக்கத்துக்குப் பாடற பாட்டுங்கண்ணா. ஓட்டமா வாசிச்சுப்போட்டாங்க, அதான் யாருக்கும் புடிபடல."

முப்பது ஆண்டுகளாக நான் கேட்ட இசை அது. தூக்கத்திலும் அதை என்னால் முணுமுணுக்க முடியும். அவன் சொன்ன பிறகே எனக்கும் அப்பாட்டு கேட்டது. அதன்பின் அதை வேறு விதமாகக் கேட்க என்னால் இயலவில்லை. இதனை ஒரு குறையாக மட்டும் பதிவு செய்கிறேன்.

காக்கை ஒரு கிறித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றான் எல்வின். அந்த ஊரில் இருந்தவை இரண்டே தேவாலயங்கள். இரண்டுக்கும் பிழை மலிந்த ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினான். அந்த வாரமே ஒரு போதகர் பதில் எழுதினார். காக்கை ஒரு பெண். பெயர் கினுயோ. எண்பதை நெருங்குகிறார், இன்றும் அத்தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறார்.

செய்தி ஒண்டிக்கடைக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. தேநீர்க்கடை தனலட்சுமி, நாலு பேர் நிற்கும்போது என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க செங்கோடண்ணா, சப்பான் பாசையெல்லாம் படிச்சு நீங்க நொம்ப வருசமாத் தேடுன ஆள, நம்ம எல்வின் பாட்டுப் பெட்டிய வச்சே புடிச்சுப்போட்டானாமுங்க?"

"அக்கா, அப்புடிச் சொல்லாதீங்க. அண்ணன் இல்லீனா அந்த ஊரு பேரே எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றான் எல்வின்.

"அப்பச் சரி. அண்ணன் ஊரக் காட்டுனாரு, நீ ஊட்டையே காட்டிப்புட்டே."

அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். தேநீருக்குரிய காசை அன்று எல்வின்தான் கொடுத்தான்.

அவன் என்னிடமிருந்து எதையும் பறிக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். "புக்குல உங்க பேரே போடுங்கண்ணா, எனக்கெதுக்கு?" என்றுதான் சொன்னான். ஒருவன் தன் வாழ்நாளைச் செலவிட்டுத் தேடும் ஒன்றை மற்றொருவன் வழியில் கண்டெடுத்து, வேண்டாம் என்று நீட்டினால், அதை எக்கையால் வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கினுயோ அம்மையாருக்கு ஜப்பானியம் மட்டுமே தெரியும். ஆகவே நவம்பர் பதினான்காம் நாள் மாலை நான்கு மணிக்கு அவர் எல்வினின் எண்ணுக்கு அழைப்பது என்றும், நான் மொழிபெயர்ப்பது என்றும் முடிவாயிற்று. "நீங்க பேசுங்கண்ணா, நான் வாசிக்கறேன்" என்றான். மொழிபெயர்ப்பாளன் என்பவன் ஒரு குழாய். தண்ணீர் அவன் வழியாகச் செல்லும்; அவனுக்கென்று ஒரு சொட்டும் நிற்பதில்லை.

அன்று மழையால் மலையில் மின்சாரம் இல்லை. கைப்பேசிக் கோபுரமும் செயலிழந்தது. சேலம் சாலையில் மரம் விழுந்து போக்குவரத்து நின்றிருந்தது. மலையின் மறுபக்கச் சாலை முடியும் அடிவாரத்தில், குப்பனூரில், என் தங்கை இளவரசியின் வீடு உள்ளது. அங்கிருந்து பேசலாம் என்று தீர்மானித்தோம். வழி எப்படி உள்ளது என்று பார்த்துவர நான் முதலில் வண்டியில் இறங்கினேன். பாதி வழி சென்று திரும்பினேன்.

எங்கள் மலையில் ஒரு நடைமுறை உண்டு. மழைநாளில் கீழிருந்து ஏறி வருபவரை நிறுத்தி, இறங்கப்போகிறவர் சாலையைப் பற்றிக் கேட்பார். பகையாளியிடமும் கேட்பார், பகையாளியும் உள்ளதைச் சொல்வார். கேட்டவர் அந்தச் சொல்லை நம்பி வண்டியைக் கிளப்புவார். பனியில் கண்ணைவிட அச்சொல்லே உதவும்.

எல்வின் கீபோர்டை உறையிலிட்டு முதுகில் கட்டிக்கொண்டு தேநீர்க்கடை முன் நின்றான்.

"ரோடு எப்புடிங்கண்ணா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது சாமி. நீ முன்னால போ. நான் பெட்ரோல் போட்டுட்டு வாறேன்."

"லேட்டாயிருமோன்னு பயந்துட்டே இருந்தேனுங்கண்ணா."

"இல்ல, பனி கம்மிதான். வெரசாப் போலாம்."

நான் செய்தது இவ்வளவே என்று முதல்நாள் தங்களிடம் கூறினேன். அது முழுமையான விடை அன்று. சாலையின் ஒரு வளைவில் வெளிப்புறம் சரிந்து, கீழே காப்பித் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. சாலையின் நடுக்கோடு வரை மண் இல்லை. தோட்டத் தொழிலாளர் யாரோ மரக்கொப்புகளை வெட்டிக் குறுக்கே போட்டு, ஒரு குச்சியில் சிவப்புத் துணியும் கட்டியிருந்தனர். திரும்பும்போது நான் அவற்றை எடுத்து மலைப்பக்கத்து ஓடையில் போட்டேன். அவை அரைகுறையாகக் கிடந்தன. அரைகுறையான எச்சரிக்கை ஆபத்தானது என்பது என் கருத்து. அவ்வழியே வேறு யாரேனும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாங்கள் கேட்டீர்கள். தாங்கள் கேட்ட பிறகே அதை எண்ணிப் பார்த்தேன்.

அவன் சென்று சிறிது நேரம் கழித்து நான் கிளம்பினேன். பெட்ரோல் போடவில்லை, வண்டியில் போதுமான அளவு இருந்தது. வளைவில் நிறுத்திவிட்டுச் சரிவில் இறங்கினேன். இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே, ஒரு சில்வர் ஓக் மரத்தடியில், வண்டியின் அடியில் கால்கள் சிக்கிய நிலையில் எல்வின் கிடந்தான். கீபோர்டு முதுகில் இருந்ததால் அவனால் புரளவும் முடியவில்லை. நினைவு நன்றாகவே இருந்தது.

"அண்ணா, வந்துட்டீங்களா. ரோடு இல்லீங்கண்ணா அங்க. நீங்க பாத்து வந்தீங்களா?"

நான் விழுந்துவிடவில்லையே என்றுதான் அவன் முதலில் கேட்டான். இதைத் தாங்கள் அவசியம் எழுதிக்கொள்ள வேண்டும். அவன் குணத்தைப் பற்றி நான் ஒருபோதும் குறைவாகப் பேசியதில்லை.

அவ்விடத்தில் சமவெளிக் கோபுரத்தின் சிக்னல் கிடைத்தது. என் கைப்பேசியிலும் கிடைத்தது. 108-க்கு ஏன் அழைக்கவில்லை என்பது தங்கள் முக்கியக் கேள்வி. அழைக்கும் எண்ணம் எனக்கு இருந்தது. அப்போது எல்வினின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. அவனே அதைச் சிரமப்பட்டு எடுத்து என்னிடம் நீட்டினான்.

"ஆளக் கூப்புடச் சொல்லுங்கண்ணா."

நான் அழைப்பை ஏற்றேன். கினுயோ அம்மையாரின் குரல் தெளிவாக இருந்தது. என்னை முறைப்படி அறிமுகம் செய்துகொண்டேன். என் உச்சரிப்பு நன்றாக இருப்பதாகப் பாராட்டினார். எல்வின் எங்கே என்று கேட்டார். அருகில்தான் இருக்கிறார் என்றேன், அது உண்மை. நான் தயாரித்து வைத்திருந்த முதற்கேள்வியைக் கேட்டேன். அவர் மிகுந்த பணிவோடு, முதலில் எல்வினின் குரலைக் கேட்க விரும்புவதாகக் கூறினார். அந்தப் பாட்டை விளையாட்டுக்குள் ஒளித்து வைத்தது நிறுவனருக்கும் தெரியாதாம். தம் தந்தையை அடக்கம் செய்த வாரத்தில் அமைத்த இசையாம். யாரேனும் ஒருவர் கண்டுகொள்வார் என்று இத்தனை ஆண்டுகள் காத்திருந்தாராம். விளையாட்டில் முதற்சரணம் மட்டுமே உள்ளது. எல்வின் இரண்டாம் சரணத்தைப் பாடினால், பிறகு நான் கேட்பதை எல்லாம் சொல்வதாகக் கூறினார்.

எனக்கு அந்தச் சரணம் தெரியாது.

ஆகவே நான் குனிந்து கைப்பேசியை எல்வினின் வாயருகே பிடித்தேன்.

"பாடு சாமி. அந்தம்மா கேக்கறாங்க."

"அண்ணா... ஆளு வருதுங்களா?"

"பாடுனா வரும்."

இதுவே நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது. தாங்கள் பொறாமை என்ற சொல்லை எழுதி வைத்திருக்கிறீர்கள். அதை அடித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பொறாமை கொண்டவன் அவனைப் பாட விட்டிருப்பானா? தோமிகாவாவின் வரலாறு முழுமை பெற வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை.

அவன் தமிழில் பாடினான். மூச்சு போதாமையால் மெட்டு இரண்டு இடங்களில் தவறியது. இரண்டாம் வரியில் அந்த அம்மையாரும் சேர்ந்துகொண்டார். அவர் ஜப்பானியத்தில் பாடினார். சொற்கள் வெவ்வேறு, மெட்டு ஒன்று. ஒருவர் நிறுத்திய இடத்தில் மற்றவர் காத்திருந்து தொடர்ந்தார். நான் இடையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றேன். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

இந்தப் பக்கம் பாட்டு நின்ற பிறகும் அந்தப் பக்கம் அவர் இறுதிவரை பாடி முடித்தார். அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். எல்வின் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார்.

நான் எல்வினின் முகத்தைப் பார்த்தேன். பிறகு, நன்றி சொல்கிறார், மீதியை என்னிடம் கூறச் சொல்கிறார் என்று மொழிபெயர்த்துவிட்டு, என் அடுத்த கேள்வியைக் கேட்டேன். மணி நான்கு நாற்பத்தொன்று.