துரை வண்டியின் கீச்சுச் சத்தம்

வெள்ளைக்காரர் காலம். அடிவாரத்தில் ஏற்காடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற நாகலூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் அம்மா ஒருவர் பக்கத்திலிருந்த இளம்பெண்ணிடம் சொன்னார்:

"துரையோட மோட்டார் சைக்கிள் பிரேக் கீச்சுனதாலதான் எனக்குக் கண்ணாலமே ஆச்சு, கண்ணு."

"அதெப்படிங்கக்கா?"

"நான் அப்ப துரை பங்களாவுல வேலை. சேலத்துல இருந்து ஒரு மெக்கானிக் வந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு சத்தத்தை நிறுத்திட்டுப் போவாரு. அடுத்த வாரமே மறுபடியும் கீச்சும். மறுபடியும் வருவாரு."

"வேலை தெரியாதவருங்களா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். கண்ணாலத்துக்கப்புறம் கேட்டேன். 'ஒரே தடவைல சரி பண்ணிட்டா உன்னை எப்படிப் பாக்கறது'ன்னாரு."

"இப்ப அவருங்க?"

"போன மழைக்காலத்துல போய்ச் சேந்துட்டாரு. அன்னிக்குச் சொன்னதை அவரு வாயால இன்னொருக்காக் கேக்கணும்னு நொம்ப ஆசையா இருக்குது, கண்ணு."