மணிக்கு இருபத்தாறு டாலர்

எசாலா: மணிக்கு இருபத்தாறு டாலர், கெலேரா அம்மா. ஒரு நாளைக்கு இல்ல... ஒரு மணிக்கு.

லைசானி: காதுல விழுந்துச்சு. தேங்காயைத் திருவிக்கிட்டே சொல்லுங்க.

எசாலா: இங்க சர்க்கரை ஆலையில காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வெந்தாத்தான் அந்தக் காசு. ஆஸ்திரேலியான்னா சும்மாவா?

லைசானி: சும்மா இல்ல. வரி போகும். வாடகையைச் சம்பளத்துலயே பிடிச்சுக்குவாங்க. விசாரிச்சேன்.

எசாலா: யார்கிட்ட?

லைசானி: வாசிதி அக்கா புருஷன் நீங்க போகப்போற அதே கறி ஆலையிலதானே ஆடு வெட்டுறார். போன் பண்ணினேன். ஒரு ரூமுக்கு நாலு பேராம்.

எசாலா: நாலு பேரா... பக்கத்துல எவனாவது குறட்டை விட்டா எனக்குத் தூக்கம் வராதே.

லைசானி: உங்க குறட்டைக்கு நடுவுல அவங்க குறட்டை எங்க கேக்கப்போகுது?

எசாலா: சரி... குளிரு?

லைசானி: விடிகாலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கிடக்குமாம். ஆலைக்குள்ள அதைவிடக் குளிராம்.

எசாலா: பாத்தியா. எனக்கு முழங்கால் வேற...

லைசானி: கம்பளிக் கோட்டு, பூட்ஸ் எல்லாம் கம்பெனியே குடுத்துடும்.

எசாலா: ...குடுத்துடுமா.

லைசானி: ம்.

எசாலா: சூப்பர்வைசர் எப்படி? கத்துவானா?

லைசானி: பொம்பளையாம். கத்த மாட்டாளாம். தாமதமா வந்தா ஒரு பார்வை பாப்பாளாம், அவ்வளவுதான். வியாழக்கிழமையானா சம்பளம் பேங்க்ல விழுந்துடுமாம்.

எசாலா: வாசிதி புருஷன் நல்லதாத்தான் சொல்லுவான். அங்கேயே இருக்கிறவன் ஆச்சே.

லைசானி: அதனாலதான் அந்த வேலையை விட்டுட்டு வந்தவர்கிட்டயும் கேட்டேன். நம்ம லௌதோகா சந்தையில மீன் விக்கிறாரே, இனோகே.

எசாலா: அவன் ஏன் விட்டானாம்?

லைசானி: மரவள்ளிக்கிழங்கு விலையைப் பாத்துட்டு.

எசாலா: விளையாடாத.

லைசானி: நிஜமாத்தான். ஒரே ஒரு கடையில, ஐஸ்ல வச்ச கிழங்கு கிடைக்குமாம். ஒரு பொட்டலத்துக்குக் குடுக்கிற காசுல இங்க மூட்டையே வாங்கலாமாம். உருளைக்கிழங்குக்குப் பழகிக்கிட்டா பிழைச்சுக்கலாம்னார்.

எசாலா: ஒப்பந்தம் நாலு வருஷம்... நாலு வருஷமும் உருளைக்கிழங்கு. அப்ப, போக வேண்டாங்கிறே.

லைசானி: நான் எங்க அப்படிச் சொன்னேன்?

எசாலா: உன் மூஞ்சி சொல்லுதே. கெலேரா, சின்னவன்னு ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நீ தனியா... ஒரு வார்த்தை சொல்லு, நின்னுடறேன். பொண்டாட்டி மனசு கஷ்டப்படுதுன்னு ஒருத்தன் நின்னா, ஊர்ல யாரும் தப்பாப் பேச மாட்டாங்க.

லைசானி: கஷ்டப்படல. புயல்ல நம்ம கூரை போனதுலேருந்து உங்க அண்ணன் வீட்டுல ஒண்டிக்கிட்டு இருக்கோம். அண்ணி பாத்திரத்தை வைக்கிற சத்தம் மாசத்துக்கு மாசம் கூடுது. இப்படியே எத்தனை நாள் இருக்கிறது? போங்க.

எசாலா: அழவாவது செய்யேன்.

லைசானி: வெங்காயம் இன்னும் உரிக்கல. உரிக்கும்போது அழறேன்.

எசாலா: உனக்கு எல்லாம் கிண்டல்தான்...

லைசானி: திருவினது போதும். பிழிங்க.

எசாலா: கெலேரா அம்மா...

லைசானி: ம்.

எசாலா: போன வாரம் ஆள் எடுக்கிற ஆபீஸ்லேருந்து கூப்பிட்டாங்க. வர்றியா இல்லையான்னு.

லைசானி: என்ன சொன்னீங்க?

எசாலா: முடியாதுன்னுட்டேன். குளிருக்காக இல்ல. முழங்காலுக்காகவும் இல்ல. சின்னவன் என் வயித்து மேல காலைப் போட்டுக்கிட்டுத்தானே தூங்குறான்... அது ஞாபகம் வந்துச்சு. வாய் தானா முடியாதுன்னுடுச்சு.

லைசானி: இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.

எசாலா: பயந்துட்டான்னு அண்ணன் சிரிப்பான். நீ தடுத்தேன்னு சொல்லிக்கலாம்னு பாத்தேன். நீயோ போங்க போங்கன்னு விரட்டுறே... கோபமா?

லைசானி: கோபம் இல்ல. எனக்கு முன்னாடியே தெரியும்.

எசாலா: தெரியுமா? எப்படி? நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே.

லைசானி: நீங்க முடியாதுன்னதும் அந்த ஆபீஸ்ல அடுத்த பேரைக் கூப்பிட்டாங்க. உங்க நேர்காணல் அன்னிக்குத் துணைக்கு வந்தேனே... வெயில்ல சும்மா நிக்கிறதுக்குப் பதிலா நானும் உள்ளே போய்ப் பேரைக் குடுத்துட்டு வந்தேன். ஆடு வெட்டுறது இல்ல, பொட்டலம் கட்டுற வேலை. வாடகை, குளிரு, கிழங்கு எல்லாம் எனக்காகத்தான் விசாரிச்சேன். நீங்க கஷ்டத்தை மட்டும்தான் கேட்டீங்க, எல்லாம் போக என்ன மிஞ்சும்னு கேக்கவே இல்ல. நான் கேட்டேன். கேட்டுட்டு, அவங்ககிட்ட நான் வர்றேன்னுட்டேன்.