சண்டைக்கு முந்தியா, பிந்தியா

அங்குட்டு இல்ல தம்பி, இங்குட்டு வாங்க. பாத்து, அந்த ஏர்க்கலப்ப கால்ல இடிச்சிறப் போகுது. நேத்தே வருவீகன்னு வாசலப் பாத்துக்கிட்டிருந்தேன். பஸ்ஸு தவறிப்போச்சா? சரி, அதுக்கு நீங்க என்ன செய்வீக. இந்தா, இதான் வண்டி. இருங்க, மேல கெடக்குற வேட்டிய நானே எடுக்குறேன். போன தெவசத்துக்குப் போத்துனது.

ஆமா தம்பி, மோட்டார்சைக்கிளுக்குத்தான் மால. சிரிக்காதீக. ஒடம்பு கெடைக்காத மனுசனுக்கு வேற எதுல போடுறது? எங்க வீட்டுக்காரக ரங்கூன்ல செட்டியார் வட்டிக்கடையில வேல பாத்தாக. பேர நான் சொல்லக்கூடாது, டாங்கியில எழுதியிருக்கு பாருங்க. ஆங், சேவுகன்னு படிச்சீகளே, அதான். நாப்பத்திரெண்டுல சப்பான்காரன் குண்டு போடவும் எல்லாரும் நடந்தே வந்தாகள்ல, அதுல இவுகளும் கெளம்புனாக. கூட வந்த கருத்தையா மட்டும் ஊரு வந்து சேந்தான். வழியில மலையில காலராவுல போயிட்டாகன்னு சொன்னான். அன்னைக்குக் கட்டுனது இந்த வெள்ளச்சீல. எம் மகன் மருது அப்பத் தவந்துக்கிட்டிருந்தான். அப்பன் மொகத்த அவன் பாத்ததே இல்ல. நான் மட்டும் என்னத்தப் பாத்தேன்? கல்யாணம் முடிஞ்ச மறு மாசமே கப்பலேறிட்டாக.

வண்டியா? அது சண்டையெல்லாம் முடிஞ்சு ரொம்ப நாள் கழிச்சு வந்துச்சு. கடை ஆளுக ஊருக்கு வந்தப்ப, இவுக சாமான்னு சொல்லி எறக்கிட்டுப் போயிட்டாக. செத்தவுக சாமான், இத்தன நாளும் அங்க கெடந்திருக்கும்னு நாங்களும் எடுத்து வச்சுக்கிட்டோம். இங்க யாருக்கு ஓட்டத் தெரியும்? எங் கொழுந்தன் கோட்டைச்சாமி டாங்கிக்குப் பச்சப் பெயிண்டு அடிச்சு அண்ணன் பேர எழுதுனாரு. வருசாவருசம் படையல் இதுக்கு முன்னாடிதான். எது, எஞ்சின் மூடியில இருக்குற அந்தச் சூலமா? அதுக்குக் கொழுந்தன் பொஞ்சாதிதான் குங்குமம் வைப்பா, நான் வைக்கக்கூடாதுல்ல. என்னது, துப்பாக்கியா? மூணு துப்பாக்கியச் சாத்தி வச்சிருக்கா? கம்பெனி அடையாளமா? அடி ஆத்தே, இம்புட்டு வருசமாத் துப்பாக்கிக்கா பொட்டு வச்சோம்! பி.எஸ்.ஏ.ன்னா இதுதானா. நல்லது, பேராச்சும் தெரிஞ்சுச்சே.

எனக்கு வேண்டியது வருசந்தான் தம்பி. சண்டைக்கு முந்திச் செஞ்சதா, பிந்திச் செஞ்சதா. அத மட்டும் சொல்லிட்டீகன்னா வண்டிய நீங்களே கொண்டுபோயிப் பிரிச்சுச் சோடிச்சு ஓட்டிக்கங்க. கானாடுகாத்தான்ல உங்க வீட்டுல இது மாதிரி வெள்ளக்காரன் வண்டி நாலஞ்சு நிக்குதாமே.

ஏன் கேக்குறேன்னா, இப்ப பர்மாவுல பட்டாளத்து ஆட்சி வந்து நம்ம சனங்களக் கப்பல்ல ஏத்தி அனுப்புறாகள்ல, அதுல ஒரு மனுசன் வந்தாரு. எலும்பும் தோலுமா. நேரா இந்த வாசல்ல நின்னு, நாந்தான் ஒம் புருசன்ங்கிறாரு. செத்துட்டேன்னு நெனச்சு மலையில போட்டுட்டு வந்துட்டாகளாம், காட்டுச் சனங்க தூக்கிட்டுப் போயிக் காப்பாத்துச்சாம். சண்டை முடியவும் மறுபடி ரங்கூன் போயி, வேல பாத்து, புதுசா இந்த வண்டிய வாங்கி எம் மகனுக்குன்னு அனுப்பி வச்சேன், பின்னாடியே வாரேன்னும் சொல்லிவிட்டேன்ங்கிறாரு. சொன்ன சொல்லு வந்து சேரல, வண்டி மட்டும் வந்துச்சு. சரி, அப்பறம் ஏன் இத்தன வருசம் வரலன்னு கேட்டேன். மகன் எங்கன்னு பேச்ச மாத்திட்டாரு. அங்க எவளாச்சும் இருந்திருப்பா, எனக்கென்ன தெரியாதா?

மொகமா? அதத்தான் எல்லாரும் கேக்குறாக. ஒரு மாசம் பாத்த மொகத்த நான் எங்குட்டு வச்சுக் காப்பாத்த? அவுக மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. கெணத்தடி, மாட்டுப் பேரு, எங்கய்யா பேரு எல்லாஞ் சொன்னாரு. கூட வேல பாத்த எவனுக்கும் அது தெரியும்னுட்டாரு கொழுந்தன். கருத்தையாவும் செத்துப் போயிட்டான், யாரக் கேக்க? கொழுந்தனையும் நான் குத்தஞ் சொல்ல மாட்டேன். எனக்கும் எம் மகனுக்கும் கஞ்சி ஊத்துனது அவருதான். மருது அவரு கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டான். கடேசில அவரு ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டாரு. நாப்பத்திரெண்டுல செத்தவன் அதுக்குப் பெறகு செஞ்ச வண்டிய வாங்கியிருக்க முடியாதுல்ல, தெரிஞ்சவுக யாராச்சும் பாத்து, பிந்திச் செஞ்சதுன்னு சொல்லட்டும், வீட்டுக்குள்ள விடுறேன்னாரு. அதுலருந்து அந்த மனுசன் சத்திரத்துலதான் கெடக்காரு. ஒரு வாய்க் கஞ்சி கொண்டுபோயிக் குடுக்க முடியல என்னால. வெள்ளச்சீலக்காரி வேத்தாளுக்குச் சோறு சொமந்தா ஊரு சும்மா விடுமா?

முன்னாடி என்ன பாக்குறீக? முன்சக்கரத்தப் பிடிச்சிருக்குற கொழாயா? சண்டைக்கு முந்துன வண்டின்னா ஸ்பிரிங்கு வெளிய தெரியுமா, இதுல கொழாய்க்குள்ளயா இருக்கு? அப்ப இது பிந்துனதுதானே! ஏன் தம்பி தலைய ஆட்டுறீக? கொழாய மட்டும் பெறகு வாங்கி மாட்டியிருக்கலாமா? ஆமா, கொழுந்தனும் அப்படித்தான் பேசுவாரு. எத வச்சுத்தான் முடிவாச் சொல்றது? எஞ்சின் நம்பரா? அதுக்கு முன்னாடி இருக்குற எழுத்த வச்சே வருசம் தெரிஞ்சிருமா? எங்குட்டு இருக்கும்? சிலிண்டருக்குக் கீழயா?

அய்யய்யோ, அந்த எடத்துலதான் தம்பி வெளக்கு வைக்கிறது. அகல் நிக்க வாகா இருக்கேன்னு நாந்தான் அங்க வச்சேன். எண்ண வடிஞ்சு வடிஞ்சு, சந்தனமும் சாம்பிராணிப் பொகையும் அப்பிக் கட்டியாப் போயிருச்சு பாருங்க. எங் கையாலயே மூடி வச்சிருக்கேன். இந்தாங்க மண்ணெண்ண, இந்தாங்க துணி. சொரண்டுங்க, சாமி குத்தமெல்லாம் ஒண்ணும் வராது. வெரசாப் பாருங்க தம்பி, வெயில் ஏறுது.

எழுத்து தெரியுதா? என்ன, நாப்பத்தெட்டா? நல்லாப் பாருங்க, எனக்காகச் சொல்லாதீக. வண்டிச் சட்டத்துல இருக்குற நம்பரும் அதே வருசமா? அப்ப மாத்தி மாட்டுன பேச்சுக்கே எடமில்ல. நாப்பத்தெட்டுல அவுக உசுரோட இருந்து, கடையில நின்னு இதப் பாத்து வாங்கி, மகனுக்குன்னு கப்பலேத்தியிருக்காக. நான் அதுக்கு மாலயப் போட்டு ஒப்பாரி வச்சிருக்கேன்.

கைய அப்பறம் தொடைக்கலாம், வாங்க. அந்தா வேப்பமரத்தடியில ஒக்காந்திருக்கானே, அவந்தான் மருது. பக்கத்துல நிக்கிறது கொழுந்தன். நான் சொன்னா எடுபடாது, நீங்க போயிச் சத்தமாச் சொல்லுங்க. விடியவும் சத்திரத்துலருந்து ஆளு வந்துச்சு தம்பி, உசுரு போயிருச்சுன்னு. அனாதப் பொணந்தானே, நீங்களே எடுத்துப் போடுங்கன்னு சொல்லிவிடப் பாத்தாரு கொழுந்தன். கானாடுகாத்தான் தம்பி வந்து பாக்கட்டும்னு நாந்தான் கால்ல விழுந்து நிறுத்தி வச்சிருக்கேன். மகன் இருக்கையில அவுக எப்படி அனாத? அவன் வந்து கொள்ளி வைக்கணும்.

எனக்கா? எனக்கு அறுக்கத் தாலி இல்ல, அழிக்கப் பொட்டு இல்ல, எல்லாம் அப்பவே போயிருச்சு. காலையிலருந்து இன்னும் வாய்விட்டு அழுகல தம்பி. யாருன்னு தெரியாத ஆளுக்கு எப்படி அழுகுறது? நீங்க போயிச் சொல்லுங்க. சொன்னதும் நான் அழுதுக்கிறேன்.