அட்டவணையில் ஒரு காலிக் கட்டம்

முதலில் ஒரு நன்றி. நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு பேனா கேட்டால் மூன்று பாரம் நிரப்ப வேண்டும். மூன்றாவது பாரத்தை நிரப்புவதற்குள் கையில் இருக்கிற பழைய பேனாவும் தீர்ந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் ரோஹானா அவர்களே, தமிழிலேயே எழுதுங்கள், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார் என்றீர்கள். அதற்கும் நன்றி. என் பெயர் சூசை. வயது ஐம்பத்தேழு. ஜார்ஜ்டவுனில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தொன்பது வருடமாக உதவியாளர். எலி அறுப்பதுதான் வேலை. கல்யாண விருந்தில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'லேப்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன். விடாமல் கேட்பவர்களுக்கு உண்மையைச் சொல்வேன். அப்புறம் அவர்கள் கோழிப் பிரட்டல் பக்கம் போவதில்லை.

எலிகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தோட்டத்து எலி பாவப்பட்ட பிராணி. குடலில் நாடாப்புழு, கல்லீரலில் கொப்புளம், இரைப்பையில் சுருண்டு கிடக்கும் இன்னொரு ஜாதி என்று வாடகை கொடுக்காத நாலைந்து குடும்பங்களைச் சுமந்துகொண்டுதான் அது ஓடுகிறது. இத்தனைக்கும் நடுவில் பிள்ளையும் பெறுகிறது. மனிதர்கள் ஒரு தும்மலுக்கு மூன்று நாள் எம்.சி. லீவு எடுக்கிறார்கள்.

இந்த வழக்குக்கு வேண்டியது ஒரே ஒரு புழுதான். அது எலியின் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நடுவே ரத்தக் குழாயில் வாழும். பெண் புழு சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மிட்டாய் போல இருக்கும், பார்க்க அழகு. அதன் குஞ்சுகள் எலிப் புழுக்கையோடு மண்ணுக்கு வரும். நத்தை அதைத் தின்னும். ஓடு இல்லாத பொடி நத்தை ஒன்று கீரையில் ஒட்டிக்கொண்டு வந்து, அதை மனிதன் பச்சையாகச் சாப்பிட்டுவிட்டால், புழு வழி தவறி மூளைக்குப் போய்விடும். அங்கே அதற்கும் பிழைப்பு இல்லை, செத்துவிடும். ஆனால் சும்மா சாகாது.

தாசேக் கெலுகோரில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக யுகேந்திரன் என்பவர் கீரை போட்டிருந்தார். பெரும்பாலும் வல்லாரை. வாசலில் 'ஆர்கானிக்' என்று பச்சை எழுத்தில் பலகை. மருந்து அடிக்காத தோட்டம் என்றால் எலிக்கும் நத்தைக்கும் அது சொர்க்கம் என்பதை யாரும் பலகையில் எழுதுவதில்லை. அங்கே நாங்கள் கூண்டு வைத்ததில் முப்பத்தோரு எலி விழுந்தன. முப்பத்தொன்றையும் நான்தான் அறுத்தேன். பத்தொன்பதில் அந்தப் புழு இருந்தது.

இருபத்தொன்பது வருடத்தில் இப்படி ஒரு கணக்கை நான் பார்த்ததில்லை. நோட்டில் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: 'இந்த வல்லாரை பச்சையாகச் சாப்பிட விற்கப்படுகிறது. மனிதருக்கு ஆபத்து. சுகாதார இலாகாவுக்கு உடனே தெரிவிக்கவும்.' குறிப்புப் பகுதியில் உதவியாளர் எழுதக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் தலைவர் டாக்டர் ஹரீஷ் நல்ல மனிதர். இதை அடிக்கோடிட்டு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வெளிநாட்டில் படித்தவர், என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போயிருந்தேன். அன்று மாதாந்திரக் கூட்டம். படிக்கிற பிள்ளைகள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். டாக்டர் என் குறிப்பைத் திரையில் போட்டார்.

"அண்ணே, ஆபத்துன்னு எழுதியிருக்கீங்க, சரி. மனுஷ கேஸ் எங்க? டேபிள்ல பாருங்க, எலி இருக்கு, நத்தை இருக்கு, ஹியூமன் கட்டம் காலியாத்தானே இருக்கு? ஒரே ஒரு கேஸ் காட்டுங்க, நானே இலாகாவுக்கு எழுதறேன். அது இல்லேன்னா இது சயின்ஸ் இல்ல லா, கோப்பிக்கடைப் பேச்சு."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்பளத்துக்கு இருப்பவன் அந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். என் சொல் அம்பலம் ஏறியது. ஏறி, திரையில் பெரிதாகத் தெரிந்து, அடி வாங்கிக்கொண்டு இறங்கியது.

அவமானமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம் என்றும் பட்டது. ஆதாரம் வேண்டும் என்றார். அறிவியல் என்றால் ஆதாரம்தானே.

இப்போது வல்லாரைக்கு வருகிறேன். யுகேந்திரன், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத மனிதர். நான் வெள்ளிக்கிழமை தோறும் கூண்டு பார்க்கப் போவேன், அவர் ஒரு கட்டு வல்லாரையை வேனில் வைத்துவிடுவார். "வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே, அக்காவுக்குக் குடுங்க" என்பார். என் மனைவி அமலம்மாள் அதில் பச்சைத் துவையல் அரைப்பதில் கெட்டிக்காரி. பத்தொன்பது எலிக்குப் பிறகு அவளிடம், இனிமேல் வல்லாரை வீட்டுக்கு வரவே வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். எனக்கு வாயுத் தொல்லை என்றேன். முப்பது வருடக் குடித்தனத்தில் வாயு என்று சொன்னால் அதற்கு மேல் கேள்வி வராது.

ஆக, கட்டு வேனில் கிடக்கும். நல்ல கீரையை வீணாக்கலாமா?

டாக்டருக்கு ஒரே மகள், துளசி. பதினேழு வயது. வருடக் கடைசியில் எஸ்.பி.எம். பரீட்சை. அந்தப் பெண்ணுக்குப் படித்தது மனதில் நிற்கவில்லை என்று அவர் இரண்டு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் பரீட்சை என்றால் எங்கள் தமிழர் வீடுகளில் என்ன செய்வார்கள் என்று மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவருக்கும் அவர் அம்மா வல்லாரை அரைத்துக் கொடுத்திருப்பார். புத்தகப் படிப்பு எவ்வளவு இருந்தாலும் டாக்டரும் அந்த வீட்டுப் பிள்ளைதான். கீரைக் கட்டை டாக்டர் மேசையில் வைத்து, "வல்லாரை ஜூஸ் குடுங்க டாக்டர், நல்லா ஞாபகம் நிக்கும்" என்றேன். வாங்கிக்கொண்டார். அதே மேசையில் என் பத்தொன்பது எலிகளின் அறிக்கை, அவருடைய கோப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்தது.

எங்கே வாங்கினது என்று அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பச்சையாக அரைக்கச் சொன்னேனா என்கிறீர்கள். சொன்னேன். கொதிக்க வைத்தால் சத்துப் போய்விடும் என்று ஊரே சொல்வதைத்தான் நானும் சொன்னேன். ஊரைக் கைது செய்ய உங்களிடம் வண்டி போதாது.

இப்படி ஐந்து வெள்ளிக்கிழமை. தவக்காலத்தில் நான் வெள்ளிதோறும் இறைச்சி தொடுவதில்லை, யாருக்காவது ஏதாவது கொடுப்பது வழக்கம்.

மூன்றாவது வாரம் துளசி அப்பாவைக் கூட்டிப் போக ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஒரு டப்பாவில் எனக்கென்று பாண்டான் கேக் கொண்டுவந்திருந்தாள், அவளே செய்தது. "தேங்க்ஸ் அங்கிள். சரியான கசப்பு லா. ஆனா நீங்க வாரா வாரம் கொண்டு வர்றீங்களே, அதான் மூக்கப் பிடிச்சிட்டுக் குடிச்சிடறேன்" என்றாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கேக் நன்றாக இருந்தது. அன்று சாயங்காலம் முழுவதும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது எனக்கு. தயக்கத்தை எழுத எங்கள் நோட்டில் கட்டம் இல்லை என்பதால் அது அப்படியே போய்விட்டது.

நான்காவது வாரம் ஒரு விசித்திரம். டாக்டர் என் மேசைக்கே வந்து நின்றார். "அண்ணே, ரிப்போர்ட்ல உங்க நம்பரை மறுபடி பார்த்தேன். நீங்க சொன்னது சரியா இருக்கலாம். அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மனசுல வெச்சுக்காதீங்க. அடுத்த வாரம் இலாகாவுக்கு லெட்டர் போடறேன், உங்க பேரும் இருக்கும்" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் மேசையைத் தட்டினீர்கள். மேடம், 'இருக்கலாம்' என்பது வேறு, 'இருக்கிறது' என்பது வேறு. அந்த வித்தியாசத்தைப் பன்னிரண்டு பேர் முன்னால் எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஐந்தாவது கட்டையும் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை துளசிக்குத் தலைவலி ஆரம்பித்தது. பிறகு வாந்தி. பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மருத்துவமனையில் முதலில் பரீட்சைப் பயம் என்றார்கள், அப்புறம் ஒற்றைத் தலைவலி என்றார்கள், அப்புறம் வைரஸ் என்றார்கள். படித்தவர்கள், வரிசையாக எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார்கள். நான் தினமும் போன் செய்து நலம் விசாரித்தேன். "தொடக்கூட விடமாட்டேங்குறா அண்ணே. போர்வை மேல பட்டாலே கத்துறா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதாம்" என்று டாக்டர் அழுதார். ஜெபம் செய்கிறேன் என்றேன். செய்தேன். நான் சும்மா வாய்வார்த்தை சொல்கிறவன் இல்லை.

பதினோரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை என்பது உங்கள் குற்றச்சாட்டில் இரண்டாவது. யாரும் என்னைக் கேட்கவில்லை. எலி அறுப்பவனை எந்த ஆஸ்பத்திரி கூப்பிட்டு யோசனை கேட்கிறது? தவிர, சீக்கிரம் சொல்லியிருந்தால் கோப்பிக்கடைப் பேச்சு என்றிருப்பார்கள். நோய் தன்னைத் தெளிவாகக் காட்டிக்கொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் பெரிய வெள்ளி. சிலுவைப் பாதை முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். முதுகுத்தண்டு நீரில் எலிப் புழுவின் தடயத்தைத் தேடிப் பாருங்கள் என்று வார்டில் இருந்த ஓர் இளம் மருத்துவரிடம் சொன்னேன். தேடினார்கள், இருந்தது. அதன் பிறகுதான் சரியான சிகிச்சை ஆரம்பித்தது. டாக்டர் ஹரீஷ் வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லேன்னா என் பொண்ணு இல்ல அண்ணே" என்றார். இருபத்தொன்பது வருடத்தில் அந்த நிலையத்தில் என்னிடம் ஒருவர் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அழுதேன். உண்மையான அழுகைதான்.

என் அறிக்கையை வைத்து ஒரே வாரத்தில் தோட்டத்தை மூடினார்கள். இலாகா ஆட்கள் வந்து எலியை ஒழித்தார்கள். புக்கிட் மெர்தாஜாம் பசாரில் இப்போது கீரையை மூன்று தண்ணீரில் அலசச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, போய்ப் பாருங்கள். இதனால் எத்தனை பிள்ளைகள் தப்பினார்கள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். நடக்காததை எண்ண எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

துளசி பிழைத்துக்கொண்டாள். இடது கண் உள்பக்கம் திரும்பியே இருக்கிறது. ஒரு வரி படித்தால் முந்தின வரி மறந்துவிடுகிறதாம், பரீட்சை எழுதப் போவதில்லை. வல்லாரை குடித்தும் ஞாபகம் நிற்கவில்லையே என்று யாரும் கீரையைக் குறை சொல்லிவிடக் கூடாது. இப்படி நான் எழுதுவது உங்களுக்குக் கொடூரமாகத் தெரியும். இருபத்தொன்பது வருடம் அறுத்தவனுக்குப் பேச்சு இப்படித்தான் வரும்.

இப்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கே வாங்கினது என்று டாக்டர் கேட்டார். முதல் வெள்ளிக்கிழமையே கேட்டார். புக்கிட் மெர்தாஜாம் பசார் என்றேன். நானும் கொஞ்சம் வல்லாரை குடித்திருக்கலாம் போலிருக்கிறது.

கடைசியாக நோட்டு விஷயம். ஆய்வுக் கட்டுரை எழுதலாம், என் பெயர் மூன்றாவதாக வரும் என்று டாக்டர் சொன்னார். காலியாக இருந்த 'மனிதர்' கட்டத்தை நிரப்ப என் நோட்டைத் திறந்தார். திறந்தவர் ஒரு வரியில் விரலை வைத்து அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னைப் பார்க்காமலே உங்களுக்குப் போன் செய்தார்.

எங்கள் நோட்டுக்கு மூன்று விதி. பென்சில் கூடாது. எழுதியதை அடிக்கக் கூடாது. எழுதுகிற நாளின் தேதியைப் போட்டே ஆக வேண்டும். எண்பத்தெட்டாம் பக்கத்தில், 'மனிதர்' கட்டத்தில் நான் எழுதியிருப்பது: ஒன்று, பெண், வயது பதினேழு. பக்கத்தில் இருக்கும் தேதி திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். முதல் கீரைக் கட்டைக் கொடுத்தது அதற்கும் மறுநாள். தேதி கை தவறி விழுந்திருக்குமோ என்று நேற்று இரண்டு முறை கேட்டீர்கள். எனக்கு ஒரு வழி விடத்தான் கேட்டீர்கள் என்று புரிந்தது. உங்கள் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் மேடம், இருபத்தொன்பது வருடத்தில் நான் ஒரு தேதியைக்கூடத் தப்பாக எழுதியதில்லை.