முற்றிய புல்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் மடியில் சாக்கில் சுற்றிய அரிவாள்.

“இனிமே என் தோட்டத்துப் புல்லு இடுப்புக்கு மேல வளந்தா, என்னை செருப்பால அடி மாமே,” என்றார் அரிவாள்காரர்.

“இன்னாத்துக்கு?”

“கட்டு கனமா தெரியணும்னு அறுக்காம உட்டேன். தண்டு கரும்பாட்டம் முத்திப்போச்சி. அதத்தான் பால்கார அம்மாவுக்கு வித்துகினு இருந்தேன். அப்பால என் ஊட்டுக்கு வர்ற பாலு கொறஞ்சிது. வேற ஊட்டுக்கு ஊத்திட்டு வரியான்னு தெருவே கேக்கற மாதிரி கத்திட்டேன்.”

“அந்தம்மா இன்னா பண்ணிச்சி?”

“மறுநாளு மாட்டை என் வாசலுக்கே ஓட்டியாந்து, எல்லார் எதுர்லயும் கறந்துச்சி. அர சொம்புகூட ரொம்பல. அப்பால ஒரு கூடையக் கொட்டிச்சி. அத்தனையும் மாடு தின்னாம தள்ளுன தண்டு. என் புல்லு.”

நடத்துநர் விசில் ஊதினார். அரிவாள்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்ப?”

“எளசா அறுத்துக் குடுத்துனு கீறேன். சொம்பு ரொம்பித்தான் வருது. சம்சாரம் வாங்கிக்கும். அந்தம்மா கொரலு கேட்டா நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கறேன்.”