கொட்டானில் கிடந்த மண்

தாணம்மாள்: ஏட்டி முத்துக்கனி... இது என்னது?

முத்துக்கனி: எது மைனி?

தாணம்மாள்: இந்த ஓலைக்கொட்டானுக்குள்ள. சில்லுக்கருப்பட்டி இருக்கு, சுக்கு இருக்கு, ரெண்டு கடல்சோவி கெடக்கு. செரி. அடியில காயிதத்துல பொதிஞ்சு வச்சிருக்கே, அது.

முத்துக்கனி: அதா... கலர் மண்ணு. குமாரதாஸ் நேத்து கன்னியாரிக் கடக்கரைக்குப் போயி வாங்கிட்டு வந்தான். செவப்பு, கறுப்பு, மஞ்சன்னு ஏழு நெறமாம். விருதுநகர்க்காரங்க இதெல்லாம் எங்க பாத்திருக்கப் போறாவ. நம்ம கையிருப்புக்கு இதவிட அம்சமா என்ன குடுக்க முடியும்?

தாணம்மாள்: ஒனக்க மகனுக்குத்தான் புத்தி இல்ல. ஒனக்குமா?

முத்துக்கனி: என்ன மைனி, காலையிலயே...

தாணம்மாள்: கல்யாணத்துக்கு வந்து எறங்குற மாப்பிள வீட்டுக்காரன் கையில மண்ணத் தூக்கிக் குடுப்பியா?

முத்துக்கனி: மண்ணுன்னா என்ன? பதிக்குக் கும்பிடப் போனா அய்யா நாமம்னு மண்ணத்தான நெத்தியில இடுதோம்.

தாணம்மாள்: அது நாமம். இது எந்த மண்ணு? கொஞ்சம் யோசிச்சுப் பாரு. கன்னியாரி அம்மனுக்குக் கல்யாணம் பேசி...

முத்துக்கனி: பேசி...

தாணம்மாள்: மாப்பிள சுசீந்திரத்துல இருந்து பொறப்பட்டு வாறாரு. பாதி வழியில கோழி கூவிச்சு. விடிஞ்சாச்சு, முகூர்த்தம் தப்பியாச்சுன்னு திரும்பிட்டாரு. இங்க அம்மன் சிங்காரிச்சு ஒருங்கி நிக்கா, நிக்கா, ஆளு வரல. கல்யாணத்துக்கு வச்சிருந்த அரிசி, பருப்பு, மஞ்ச எல்லாம் கடக்கரையில மண்ணாப் போச்சு. அதத்தான் ஒனக்க மகன் வெல குடுத்து வாங்கிட்டு வந்திருக்கான்.

முத்துக்கனி: அய்யோ... எனக்கு இது புத்தியில ஓடவே இல்லியே மைனி.

தாணம்மாள்: சின்னதுல இருந்து கேட்ட கததான. எனக்க பேரே அந்த வராமப் போன மாப்பிளைக்க பேருல்லா.

முத்துக்கனி: கேட்ட கததான். கடையில வச்சு விக்காவ, வடக்க இருந்து வாற ஆளெல்லாம் ஆசையா வாங்குதாவ. அத மட்டுந்தான் பாத்தோம்.

தாணம்மாள்: வேற வீடுன்னா போட்டும்னு விட்டிருவேன். இந்த வீட்டுல...

முத்துக்கனி: பைய பேசுங்க. தங்கபுஷ்பம் அடுக்களையில நிக்கா.

தாணம்மாள்: அவளுக்குத் தெரியாததா?

முத்துக்கனி: தெரியும். ஆனா நாளைக்கு அவளுக்குக் கல்யாணம். முன்ன ஒரு தடவ பந்தல் போட்டு, மேளம் வந்து, மாப்பிள வராமப் போனது விருதுநகர்க்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சு இந்தப் பந்தலும் நின்னு போச்சுன்னா... பிரிக்கதுக்கு எனக்குத் திராணி இல்ல மைனி.

தாணம்மாள்: அவளுக்க குத்தமா அது? அந்த மொத மாப்பிள, குலசேகரத்துக்காரன், வேற ஒருத்திக்க ரப்பர் தோட்டத்தக் கண்டான், அங்க கழுத்த நீட்டிட்டான்.

முத்துக்கனி: ஊரு அப்பிடியா சொல்லிச்சு? இவ காலடி செரியில்லன்னுதான சொல்லிச்சு.

தாணம்மாள்: ஊரு வாயத் தைக்க ஊசி கெடையாது. எடு, எல்லாக் கொட்டானையும் இங்கோட்டு எடு. மண்ண மட்டும் உருவிருவோம். அந்த எடத்துல ரெண்டு சில்லு கூட வையி.

முத்துக்கனி: கருப்பட்டி அவ்வளவு இருக்கா?

தாணம்மாள்: பக்கத்துல எனக்க வீட்டுல கெடக்கு. சீனின்னா ரேஷன் கடையில போயி நிக்கணும். கருப்பட்டிக்கு எந்த சர்க்காரக் கேக்கணும்?

முத்துக்கனி: மைனி...

தாணம்மாள்: என்ன?

முத்துக்கனி: குருத்தோல தந்தது நீங்க. சாயம் காச்சுனது நீங்க. வாறவங்க தங்குறதுக்கு ஒங்க வீட்ட ஒழிச்சுக் குடுத்துட்டு நீங்க மாட்டுத்தொழுவுல படுக்கப் போறிய. கூடப் பெறந்தவ இருந்தாக்கூட எனக்கு இவ்வளவு செய்ய மாட்டா.

தாணம்மாள்: போதும். மூக்கச் சிந்தாத, கருப்பட்டியில விழும்.

முத்துக்கனி: நெஞ்சுல இருக்கதச் சொன்னேன்.

தாணம்மாள்: எனக்கு இருக்க வருத்தம் ஒண்ணுதான். இது ரெண்டாவது தடவ முடையுதேன். அன்னைக்கு முடஞ்ச கொட்டான் அத்தனையும் ஒனக்க மக வாரிக் குடுத்துட்டா. யாருக்கு? ரோட்டுல போற வழிப்போக்கனுக்கு.

முத்துக்கனி: நான் போதமில்லாமக் கெடந்தேன்.

தாணம்மாள்: நீ கெடந்தே. நான் ஒனக்கு வெசிறிக்கிட்டு இருந்தேன். ஆம்பளேளெல்லாம் குலசேகரத்துக்காரன அடிக்கப் போறோம்னு கெளம்பிட்டானுவ. இவதான் ஆக்குன சோறு வீணாப் போவாண்டாம்னு ரோட்டோரத்துல பாய விரிச்சு, கன்னியாரிக்குப் போற தீர்த்தக்காரங்கள எல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சா. எவனெவன் தின்னானோ, எவனெவன் எனக்க கொட்டானக் கொண்டு போனானோ.

முத்துக்கனி: ஒரு மடக்கு மாறாம அப்பிடியே திரும்ப முடஞ்சிட்டியள.

தாணம்மாள்: மூடியில காது மாதிரி ஒரு மடக்கு வருதுல்லா, இத வைக்கிறது இந்தக் கொட்டாரம் ஊருலயே நான் ஒருத்திதான். எனக்க மருமவளுக்குக்கூடச் சொல்லிக் குடுக்கல.

முத்துக்கனி: அதாலதான் அவ ஒங்களுக்கு ரசம் வைக்கச் சொல்லித் தர மாட்டேங்கா.

தாணம்மாள்: வாய் வந்துட்டா? செரி, சிரிச்சியே, அது போதும்... ஏட்டி, வாசல்ல ஆரு? துணிச்சஞ்சியும் கையுமா...

முத்துக்கனி: அம்மா... மாப்பிளைக்க அத்தையில்லா அது. வெள்ளையம்மா மைனி. சாயந்தரம் பஸ்ஸுலதான வாறோம்னாவ.

தாணம்மாள்: மண்ண மற. சேலைய இழுத்து மேல போடு.

வெள்ளையம்மாள்: என்ன மதினி, ஆளக் கண்டதும் இப்படி முழிக்கிறீக? வரலாமா, இல்ல சாயங்காலம் வரட்டுமா?

முத்துக்கனி: வாங்க மைனி, வாங்க. உக்காருங்க. மத்தவங்க எல்லாம்...

வெள்ளையம்மாள்: சாயங்காலந்தான் வர்றாக. நாந்தான் மொத பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டேன். வீட்டுல இருப்புக் கொள்ளல. ஆரல்வாய்மொழிச் சோதனைச் சவுக்கையில எறக்கிவிட்டு, மூட்டைக்குள்ள அரிசி இருக்கான்னு ஒருத்தன் குடைஞ்சான். சேலையத் தவிர ஒண்ணும் இல்லையேன்னு அவனுக்கு வருத்தம்.

தாணம்மாள்: தண்ணி குடிங்க. மோரு இருக்கு, தரட்டா?

வெள்ளையம்மாள்: தாங்க. இது என்ன, தரையெல்லாம் மண்ணு சிந்திக் கெடக்கு?

தாணம்மாள்: அதா... குத்துவெளக்கு தேய்க்க.

வெள்ளையம்மாள்: உங்க ஊர்ல ஏழு நெறத்துலயா வெளக்கு தேய்ப்பீக?

தாணம்மாள்: கல்யாண வெளக்குல்லா. ஒரு அலங்காரத்துக்கு...

வெள்ளையம்மாள்: சரித்தான். இந்தக் கொட்டானெல்லாம் யாருக்கு?

முத்துக்கனி: ஒங்க ஆளுகளுக்குத்தான் மைனி. எறங்குற வீட்டுல ஆளுக்கொண்ணு பாயில வச்சிருவோம். அவ்வளவு தூரம் பஸ்ஸுல குலுங்கி வாறவங்களுக்கு வாய் கசக்கும், தல சுத்தும். சுக்கும் கருப்பட்டியும் கடிச்சா கொஞ்சம் தெளியும். பெருசா ஒண்ணும் செய்ய எங்களால ஏலல. மனசுல வச்சுக்கிடாதிய.

வெள்ளையம்மாள்: போறப்ப தாம்பூலம் எல்லாரும் குடுப்பாக மதினி. வந்து எறங்குனவன் வாய் கசக்குமேன்னு யாரு நெனைக்கிறா? சந்தோசமா இருக்கு. நெசமாச் சொல்றேன்.

முத்துக்கனி: நீங்க அப்பிடிச் சொன்னதே எங்களுக்குப் போதும்.

வெள்ளையம்மாள்: நாளைக்கு எரிசேரி உண்டுல்ல? தேங்காயச் செவக்க வறுத்து மேல போடுவீகளே...

தாணம்மாள்: ஒங்க ஊருல எரிசேரி உண்டுமா?

வெள்ளையம்மாள்: எங்க ஊர்ல ஏது? சும்மா... கேள்விப்பட்டதுதான்.

தாணம்மாள்: தேங்கா செவக்க வறுக்கது வரைக்கும் கேள்விப்பட்டியளோ.

வெள்ளையம்மாள்: காது கொஞ்சம் நீளம் எனக்கு. சரி, அந்த மண்ணையும் கொட்டான்ல போடலாம்ல? அழகா இருக்கே. இது கன்னியாகுமரி மண்ணுதான?

தாணம்மாள்: அது வேண்டாம். ஈரமாக்கும். கருப்பட்டி இளகிரும்.

வெள்ளையம்மாள்: காஞ்சுல்ல கெடக்கு. சவுக்கையிலயும் மண்ணக் கொண்டு போறவன எவனும் கேக்க மாட்டான்.

முத்துக்கனி: மைனி... அது வந்து... அந்த மண்ணுக்கு ஒரு கத உண்டு.

தாணம்மாள்: கத பெறவு சொல்லலாம். மோரு குடிங்க. உப்பு போதுமா?

முத்துக்கனி: அது அம்மனுக்க கல்யாணம் நின்னுபோன...

தாணம்மாள்: இவளுக்குக் கல்யாண வெப்ராளம், ராத்திரி ஒறக்கமில்ல. என்னமாம் பேசுவா. ஏட்டி, அடுக்களையில என்னமோ கரியுது, போயிப் பாரு.

முத்துக்கனி: ஒண்ணும் கரியல மைனி. என்ன விடுங்க. இவ்வளவு நல்ல மனசா வந்து உக்காந்திருக்காவ. இவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு என்னால மறைக்க முடியாது.

தாணம்மாள்: முத்துக்கனி...

முத்துக்கனி: சொல்லிருதேன். வெள்ளையம்மா மைனி, எனக்க மகளுக்கு முன்ன ஒரு கல்யாணம் பேசி, பந்தல் வரைக்கும் வந்து நின்னு போச்சு. மாப்பிள வரல. அவ மேல ஒரு குத்தமும் இல்ல, அய்யா மேல ஆண. தரகரு சொல்லாண்டாம்னாரு, நாங்களும் பயந்து வாயத் தெறக்கல. அந்த மண்ணு நின்னுபோன கல்யாணத்துக்க மண்ணு. அதுதான் உருவிக்கிட்டு இருந்தோம். நீங்க எங்கள என்ன வேணாலும் கேளுங்க. பிள்ளைய மட்டும் ஒண்ணும் சொல்லிராதிய.

தாணம்மாள்: கேட்டியளா, அம்மா... இவ சொன்னது அத்தனையும் நெசம்.

வெள்ளையம்மாள்: அந்தப் பையை இப்படி எடுங்க.

முத்துக்கனி: மைனி, கெளம்பிராதிய...

வெள்ளையம்மாள்: கெளம்புறதுக்கா காலங்காத்தால ஓடியாந்தேன்? பைக்குள்ள சேலைக்கு அடியில ஒண்ணு இருக்கும், எடுங்க. எனக்குப் புதுக் கொட்டான் வேண்டாம். இதுல போட்டுத் தாங்க.

தாணம்மாள்: இதுவும் ஓலைக்கொட்டான்தான். சாயம் மங்கிப் போச்சு... ஏட்டி, பொறு. மூடியில காது மடக்கு இருக்கு. இது எனக்க கையில்லா... எனக்க கொட்டான் விருதுநகர்ல எப்பிடி?

வெள்ளையம்மாள்: எங்க அண்ணன் அஸ்தியக் கரைக்க நானும் அவரு மகன், உங்க மாப்பிள்ள கனகவேலும் கன்னியாகுமரிக்குப் போனோம். பஸ் கெட்டு இந்த ரோட்டுல நின்னுச்சு. பசி கண்ணக் கட்டுது, அஸ்திக் கலயத்தோட யார் வீட்டு வாசல்ல போயி நிக்க? பட்டுச்சேலையோட ஒரு பிள்ள பந்தலுக்குள்ள இருந்து வந்து சாப்பிடக் கூப்பிட்டுச்சு. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு. நாங்க துக்கக்காரங்க, கல்யாண வீட்டுக்கு வரக்கூடாது தாயீன்னேன். “இங்கயும் இன்னைக்குத் துக்கந்தான், வாங்க”ன்னு சொல்லி, மருதாணி செவந்த கையால எரிசேரி வெளம்புச்சு. போறப்ப இந்தக் கொட்டானையும் கையில குடுத்துச்சு. கனகவேல் எலையில ஒரு பருக்கை மிச்சம் வைக்கல மதினி, ஊர் போய்ச் சேருற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவும் இல்ல. அண்ணனுக்கு வருசம் முடியட்டும்னு இருந்து, உங்க வீட்ட விசாரிச்சுத் தரகர அனுப்புனதே நாந்தான். தெரியும்னு சொன்னா நீங்க கூசிப்போவீகளேன்னு நானும் மறைச்சேன். உங்க மகளுக்கு எங்க மொகம் ஞாபகம் இல்ல, இருக்கவும் வேண்டாம். அம்மன் கல்யாணச் சோறு மண்ணாப் போச்சு, சரி. உங்க மக கல்யாணச் சோறு மண்ணாப் போகல, எங்க வயித்துக்குள்ள போயிருக்கு. அழுதது போதும், எல்லாக் கொட்டான்லயும் அந்த மண்ணத் திரும்பப் போடுங்க.