பட்டாளம் வைத்த இடம்

பழைய பட்டாள லாரியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரைத்தான் உதைத்துப் பார்க்கிறார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாரிக் மட்டும் உதைக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். வந்த முதல் நாளே பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்களுக்கு எழுத வசதியாக வரிசையாகவே சொல்கிறேன். மெர்வின் ஹெஷன், வயது அறுபத்தெட்டு. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படைக்கு இருபத்திரண்டு வருஷமாக மெக்கானிக். படையில் யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆடு வளர்ப்பவர்கள், ரோமம் கத்தரிப்பவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் என்று ஊர்க்காரர்கள்தான். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வண்டி. ராணுவம் கழித்துவிட்ட பெட்ரோல் லாரி, முதுகில் தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் பீய்ச்சுகிற பம்பும் அதே இன்ஜினில்தான் ஓடும். இன்ஜின் நின்றால் தண்ணீரும் நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. ஜனவரி வெயிலில், இங்கே அதுதான் உச்சக் கோடை, மேடேறினால் நின்றுவிடும். பெட்ரோல் குழாய் சைலென்சர் குழாயை ஒட்டியே போகிறது. சூட்டில் உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும், இன்ஜினுக்கு ஒன்றும் வராது. ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, பெட்ரோல் பம்புக்கு அடியில் இருக்கிற சின்ன நெம்புகோலை விரலால் முப்பது தடவை அடித்தால் வண்டி கிளம்பிவிடும். நாலு நிமிஷ வேலை. அந்த நாலு நிமிஷமும் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்வேன். படையில் அதற்கு மெர்வின் மந்திரம் என்று பெயர். நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தால் ஆளாளுக்குக் கை வைப்பார்கள், வண்டி பாழாகும். அதுதான் காரணம்.

வாரிக் பட்டாளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். போன ஜூனில் எங்கள் ஊருக்குக் குடிவந்தான். ஆகஸ்டில் அந்தக் குழாயைக் கழற்றி, எட்டத்தில் வேறு வழியாகக் கொண்டுபோய், நடுவில் சூடு தடுக்க ஒரு தகடும் பொருத்தினான். ஒரு மத்தியான வேலை. அதற்குப் பிறகு நவம்பர் வெயிலில்கூட வண்டி ஒரு தடவையும் நிற்கவில்லை.

பிரைஸ் என்று ரோமம் கத்தரிக்கிற பையன் ஒருவன் படையில் உண்டு. நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது. "என்ன மெர்வ், இனிமே உங்க மந்திரத்துக்கு வேலையில்ல போலிருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி டல்சி வாரிக்குக்கு ஒரு தட்டு நிறைய லாமிங்டன் கேக் செய்து கொடுத்தனுப்பினாள். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குப் பிறந்தநாளன்றுதான் அது கிடைத்திருக்கிறது. அப்புறம் படைத்தலைவி கிளெனிஸ் வீட்டுக்கே வந்து, "இந்த வருஷம் நீங்க ஓய்வா இருங்க மெர்வ், வாரிக் பார்த்துக்குவாரு" என்று தோளைத் தட்டினாள். படைப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டதை அவ்வளவு இதமாகச் சொன்னாள்.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு பெயர் வைத்து அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. அவன் கடைத்தெருவில் நடந்தால் நாலு பேர் நின்று பேசினார்கள். என்னிடம் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஊரே கிரிக்கெட் மைதானத்தில் இருந்தபோது, வண்டிக் கொட்டகைக்குப் போனேன். சாவி என்னிடம் இன்னும் இருந்தது. திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கதவை விரியத் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். குழாயைப் பழைய இடத்திலேயே பொருத்தினேன். தகட்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சோதனை போட்டபோது நீங்கள் என் பட்டறையில் எடுத்தீர்களே, அதுதான். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருப்பேன். நான் எதையும் உடைக்கவில்லை, அறுக்கவில்லை. பட்டாளம் எந்த இடத்தில் வைத்து அனுப்பியதோ, அந்த இடத்தில் வைத்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செய்த வேலையை இன்னொரு தடவை பார்க்கிற ரகம் இல்லை அவன்.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி, நாற்பத்து மூன்று டிகிரி வெயில். மத்தியானம் இரண்டு மணிக்கு மேட்டுக்காட்டில் தீ என்று செய்தி வந்தது. வாரிக்கும் பிரைஸும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் சமையலறையில் வயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பூட்ஸ் போட்டிருந்தேன். என் பிக்கப் வண்டியை வாசலில் திருப்பி நிறுத்தியிருந்தேன். அங்கே போக எனக்குப் பத்து நிமிஷம் போதும்.

இரண்டே முக்காலுக்கு வாரிக்கின் குரல் வந்தது. வண்டி மேட்டில் நின்றுவிட்டது, பிளக்குக்குக் கரண்ட் வரவில்லை போலிருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்க்கிறேன் என்றான். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இனி கூப்பிடுவார்கள் என்று எழுந்து நின்றேன்.

கிளெனிஸ் கேட்டாள்: "மெர்வைக் கூப்பிடட்டுமா?"

"வேணாங்க. அந்தக் கோளாறத்தான் நான் சரி பண்ணிட்டேனே. இது வேற ஏதோ. அஞ்சு நிமிஷம் குடுங்க."

என் வயர்லெஸிலும் பேசுகிற பொத்தான் உண்டு. கட்டைவிரல் அதன் மேல்தான் இருந்தது. ஈரத்துணியைச் சுற்று, முப்பது தடவை அடி என்றால் முடிந்தது. ஆனால் அவன் வேண்டாம் என்கிறான். வேண்டாம் என்கிற இடத்தில் வலியப் போய் நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்று மணிக்குக் காற்று அவர்கள் பக்கம் திரும்பியது. கிளெனிஸ் அவர்கள் பெயரை மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன்.

கொல்ல நினைத்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. வண்டி நிற்க வேண்டும், அவன் விழிக்க வேண்டும், என்னைத் தேட வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது. கேட்டிருந்தால் போயிருப்பேன், சத்தியமாக. ஒரு ஆளுக்கு அவ்வளவு அகம்பாவம் இருந்தால் நான் என்ன செய்வது?

இதையேதான் பிரைஸின் மனைவியிடமும் சொன்னேன். இரண்டு பேரின் அடக்கமும் முடிந்த வாரம், நானே அவள் வீட்டுக்குப் போய், வாரிக்கின் திமிர்தான் உன் புருஷனைக் கொண்டுபோய்விட்டது, என்னைக் கூப்பிட விடவில்லை என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவள் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நீங்க அங்க இருந்திருக்கணும் மெர்வ்" என்றாள்.

ஆகஸ்டிலிருந்து யாராவது ஒருவர் அதைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.